விடியலின் வாயிலில் குழலூதியவர்: பிங்க் ஃபிளாய்டின் முதல் இசைத்தட்டும் சிட் பாரெட்டின் வாழ்வும்

லண்டன்: 1975-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி. லண்டனில் உள்ள அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'பிங்க் ஃபிளாய்ட்' இசைக்குழுவினர், தங்களைப் பிரிந்துபோன நண்பர் ஒருவரை நினைத்து உருவாக்கிய பாடலுக்கு இறுதி வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தனர். அப்போது தலைமுடியையும் புருவங்களையும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்தார். அவர் யாரென்று அங்கிருந்தவர்களுக்கு முதலில் தெரியவில்லை. அந்தப் பாடல் யாரைப் பற்றியதோ அவரே வந்திருக்கிறார் என்பது சற்று நேரம் கழித்தே புரிந்தது. ரோஜர் வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார்.

வந்தவர் சிட் பாரெட். அந்தக் குழுவுக்குப் பெயர் சூட்டியவர். அதன் முதல் பாடகர், முதல் கிதார் கலைஞர். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே கட்டடத்தில்தான் அக்குழுவின் முதல் இசைத்தட்டை அவர் ஏறக்குறைய தம் கற்பனையாலேயே நிரப்பியிருந்தார்.

கேம்பிரிட்ஜ் சிறுவன்

ரோஜர் கீத் பாரெட் 1946-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் நான்காமவர். தந்தை ஆர்தர் மேக்ஸ் பாரெட் நோயியல் மருத்துவர். ஓவியமும் இசையும் மகனுக்கு இளமையிலேயே வசப்பட்டன. 1961 டிசம்பரில் தந்தை புற்றுநோயால் மறைந்தபோது பாரெட்டுக்கு வயது 15. உள்ளூர் ஜாஸ் கலைஞர் ஒருவரின் பெயரைத் தழுவி நண்பர்கள் இட்ட 'சிட்' என்னும் பெயரே பின்னாளில் உலகறிந்த பெயராயிற்று.

1964-இல் ஓவியம் பயில லண்டனின் கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவருடன் ஒரே பள்ளியில் படித்த ரோஜர் வாட்டர்ஸ் அப்போது லண்டனில் கட்டடக் கலை மாணவர். நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய சக மாணவர்களுடன் வாட்டர்ஸ் நடத்திவந்த இசைக்குழுவில் பாரெட்டும் இணைந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரு அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்துக் குழுவுக்குப் 'பிங்க் ஃபிளாய்ட்' என்று பெயரிட்டவர் அவரே.

அக்காலத்து மேற்கத்திய இளைஞர் பலரைப் போல அவரும் கீழைத் தேசச் சிந்தனைகளால் ஈர்க்கப்பட்டார். பஞ்சாபின் பியாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ராதா சோவாமி ஆன்மிக மரபில் அவருடைய நண்பர்கள் சிலர் சேர்ந்தனர். அதன் குரு சரண் சிங்கிடம் தீட்சை பெற பாரெட்டும் விரும்பினார். ஆனால், அவர் இன்னும் மாணவர் என்பதால் அந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

பதினொரு பாடல்களில் ஓர் உலகம்

1966 இறுதியில் தொடங்கப்பட்ட 'யுஎஃப்ஓ' இரவு மன்றத்தில், வண்ண ஒளிகள் சுழலும் மேடையில் பிங்க் ஃபிளாய்டின் நீண்ட இசைப் பரிசோதனைகள் லண்டன் இளைஞர்களைத் திரட்டின. 1967 தொடக்கத்தில் 'இஎம்ஐ' நிறுவனம் 5,000 பவுண்டு முன்பணம் கொடுத்துக் குழுவை ஒப்பந்தம் செய்தது. பாரெட் எழுதிய 'ஆர்னால்ட் லேன்' மார்ச் மாதத்திலும், 'சீ எமிலி பிளே' ஜூன் மாதத்திலும் தனிப்பாடல்களாக வெளிவந்தன. பின்னது பிரிட்டன் தரவரிசையில் 6-ஆம் இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையே பிப்ரவரியில் முதல் இசைத்தட்டுக்கான பணி அபி ரோட்டில் தொடங்கியது. பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித் தயாரிப்பாளரானார். அதே கட்டடத்தில் மற்றொரு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தனர்.

1967 ஆகஸ்டில் வெளியான முதல் இசைத்தட்டின் பெயர் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. விடியலின் வாயிலில் குழலூதுபவன் என்பது அதன் பொருள். கென்னத் கிரஹாம் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்னும் சிறுவர் நூலின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு அது. காணாமற்போன நீர்நாய்க் குட்டியைத் தேடிச் செல்லும் இரு சிறு விலங்குகள், விடியற்பொழுதில் இயற்கைத் தெய்வத்தின் குழலோசையைக் கேட்டு, குட்டியைக் கண்டடைகின்றன. கண்ட காட்சியின் நினைவு அவற்றின் பிற்கால மகிழ்ச்சியைக் குலைக்காதிருக்க, அத்தெய்வம் அவற்றுக்கு மறதியை வரமாக அளிக்கிறது.

இசைத்தட்டில் உள்ள 11 பாடல்களில் 8 பாடல்களைப் பாரெட் தனித்தே எழுதினார். கோள்களின் பெயர்கள் ஒலிபெருக்கிக் குழாய் வழியே வாசிக்கப்படத் தொடங்கும் முதல் பாடல் விண்வெளிக்கு இட்டுச் செல்கிறது. அடுத்தடுத்த பாடல்களில் ஒரு பூனை, கதை வாசிக்கும் தாய், குள்ள மனிதன், வயல்வெளியில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, மிதிவண்டி ஆகியவை வருகின்றன. ஒரு பாடல் 'ஐ சிங்' என்னும் பழைமையான சீன நூலின் 24-ஆம் அத்தியாயத்திலிருந்து பிறந்தது. சொற்களே இல்லாத 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஏறத்தாழ பத்து நிமிடம் நீள்கிறது. எதிரொலிக் கருவியும் கிதார் தந்திகளின் மேல் வழுக்கும் உலோகமும் கொண்டு பாரெட் எழுப்பிய ஓசைகள் அதுவரை பெரிதும் கேட்டிராதவை.

அட்டைப் படத்தை எடுத்தவர் விக் சிங் என்னும் புகைப்படக் கலைஞர். ஒருவரையே பலராகப் பெருக்கிக் காட்டும் பட்டக வில்லையை அதற்குப் பயன்படுத்தினார். அந்த வில்லை அவருக்குப் பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்தது. பின்னட்டையின் ஓவியம் பாரெட்டின் கைவண்ணம். இசைத்தட்டு பிரிட்டன் தரவரிசையில் 6-ஆம் இடம் பெற்றது. பின்னாளில் 'புரோகிரெசிவ் ராக்' என அறியப்பட்ட இசைவகைக்கு வழியமைத்த படைப்புகளில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

அழைத்துச் செல்லப்படாத நண்பர்

வெற்றி வந்த அதே கோடையில் பாரெட்டின் நிலை மாறத் தொடங்கியது. எல்எஸ்டி போதைப்பொருளின் பயன்பாடு, ஓயாத பயணம், அடுத்த வெற்றிப் பாடலுக்கான நெருக்கடி ஆகிய மூன்றும் ஒருசேர அவரை அழுத்தின. சில மேடைகளில் கிதாரை வாசிக்காமலேயே நின்றார். அக்குழுவின் முதல் அமெரிக்கப் பயணம் பாதியில் முடிக்கப்பட்டது.

அவருக்குத் துணையாக, கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் ஐந்தாவது உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரி இறுதியில் சவுத்தாம்ப்டன் நகர நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட நாளில், வழியில் பாரெட்டை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவு செய்தனர். வாக்குவாதமோ விடைபெறலோ இல்லாமல் நிகழ்ந்த பிரிவு அது. ஏப்ரலில் அவர் விலகியதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22.

நண்பர்கள் அவரை முற்றிலும் கைவிடவில்லை. 1970-இல் வெளியான அவருடைய இரு தனி இசைத்தட்டுகளை முடிக்க கில்மோர், வாட்டர்ஸ், ரைட் ஆகியோர் உதவினர். 1972-இல் கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்த புதிய குழு ஒரு சில நிகழ்ச்சிகளோடு கலைந்தது. அதன்பின் அவர் இசையுலகிலிருந்து ஒதுங்கினார்.

மீண்டும் ரோஜர்

1982-இல் லண்டனைவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவை நடந்தே கடந்தார். 'சிட்' என்ற பெயரைத் துறந்து மீண்டும் ரோஜர் ஆனார். தோட்டம் வளர்த்தார், ஓவியம் தீட்டினார். வரைந்த ஓவியங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மூல ஓவியங்களை அழித்துவிடுவது அவர் வழக்கம். மிதிவண்டியில் கடைக்குச் சென்று வரும் அவரைப் படமெடுக்க ரசிகர்களும் செய்தியாளர்களும் தெருவில் காத்திருந்தனர். கடந்த காலத்தைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை. அவருக்குரிய உரிமத்தொகை தவறாமல் சென்று சேர்வதைக் கில்மோர் கவனித்துக்கொண்டார்.

அவரைப் பித்துக்கொண்ட மேதை என்று வருணித்த கட்டுரைகளும் நூல்களும் ஏராளம். ஆனால், அவர் இசைக் கலைஞராக வாழ்ந்தது ஏழெட்டு ஆண்டுகள் மட்டுமே. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவர் வாழ்ந்தது தாமே தேர்ந்துகொண்ட எளிய வாழ்க்கை. அந்தத் தெருவில் காத்திருந்தவர்கள் தேடிய சிட் பாரெட், அந்த வீட்டில் இல்லை. குழலோசையைக் கேட்ட விலங்குகளுக்குக் கதையில் கிடைத்த மறதியை, அவருக்கு மட்டும் உலகம் எளிதில் வழங்கவில்லை.

2005 ஜூலையில் லண்டன் 'லைவ் 8' நிகழ்ச்சியில் பிரிந்திருந்த பிங்க் ஃபிளாய்ட் உறுப்பினர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பாடியபோது, பாரெட்டை மேடையில் நினைவுகூர்ந்தனர். ஓராண்டுக்குப் பின், 2006 ஜூலை 7-ஆம் தேதி, கணையப் புற்றுநோயால் கேம்பிரிட்ஜில் தமது 60-ஆவது வயதில் அவர் காலமானார். 21 வயது இளைஞராக அவர் உருவாக்கிய முதல் இசைத்தட்டு இன்றும் புதிய பதிப்புகளாக வெளிவந்துகொண்டிருக்கிறது.