பல் அழுக்கில் கிடைத்த க்ளூ: ஆஸ்பத்திரி பைப்பில் கிருமி சாகாதது ஏன்?

ஆஸ்பத்திரித் தண்ணீரில் குளோரின் கலந்தாலும், லெஜியோனெல்லா மாதிரியான பாக்டீரியாக்கள் பைப்புக்குள் தங்கிவிடுகின்றனவே, எப்படி? இதற்கான க்ளூ 1683-லேயே கிடைத்துவிட்டது. கொடுத்தவர் காலேஜ் பக்கமே போகாத ஒரு துணி வியாபாரி.

ஆன்டனி வான் லூவன்ஹூக், 1632-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். லூவன்ஹூக்குக்கு டச்சு மொழி மட்டும்தான் தெரியும். ஆனால், அவர் கையால் செய்த சில லென்ஸ்கள் பொருளை 200 மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டின. 1674-ல் பக்கத்து ஏரித் தண்ணீரைப் பார்த்தவருக்கு ஷாக். உள்ளே குட்டி குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன!

1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விரிவாக எழுதினார். அங்கே உடனே நம்பவில்லை. மறுவருடம் ராபர்ட் ஹூக் தானே சோதித்து உறுதிசெய்தார். 1680-ல் அதே சொசைட்டி லூவன்ஹூக்கை உறுப்பினராக்கியது.

1683-ல் தன் பல் அழுக்கை ஆராய்ந்தார். வினிகரால் பல்லைக் கழுவியபோது, மேலே இருந்த உயிர்கள் மட்டுமே செத்தன. அழுக்குக்குள் இருந்தவை தப்பித்துவிட்டன.

இப்படிப்பட்ட படலத்துக்கு இன்றைய பெயர் பயோஃபிலிம். பைப்பின் உட்சுவரில் படியும் வழவழப்பும் இதுதான். குளோரின் இதற்குள் எளிதில் இறங்காது. போதாக்குறைக்கு, லெஜியோனெல்லா அமீபாவுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். ஷவர் சாரலோடு மூச்சில் போனால், பலவீனமான நோயாளிக்கு நிமோனியா வரலாம். அதனால்தான் வெந்நீரைச் சூடு குறையாமல் வைப்பதும், புழங்காத குழாய்களை அடிக்கடி திறந்துவிடுவதும் முக்கியம்.

1723-ல், 90 வயதில் லூவன்ஹூக் இறந்தார். தான் பார்த்த உயிர்களின் உறவினர்கள் நோயும் தரும் என்பது அவருக்குத் தெரியாது. குளோரின் ஊற்றியாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நாம இருக்க முடியாது என்பதற்கான ஆதாரத்தை மட்டும் அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார்.