வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 20, 1823) ஒரு பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். பின்னாளில் இந்தியப் பெரிய முக்கோணவியல் அளவை எனப் பெயர்பெற்ற பணியைத் தொடங்கியவர் இவரே.

அடிக்கோடு

1802 ஏப்ரலில் சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே ஏறத்தாழ 7.5 மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளும். ஆதலால் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி காட்டும் அளவிற்கேற்பத் திருத்தம் செய்தார்.

தஞ்சாவூர் விபத்து

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தோப்புகள் பார்வையை மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட்டு சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் அதன் 36 அங்குல வட்டம் நெளிந்தது.

லாம்டன் தலைமைக் கைவினைஞர் தவிர எவரையும் அனுமதிக்காமல் கூடாரத்தில் தங்கி, தாமே அதனைச் சீர்செய்தார். பெரிய பலகையொன்றில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதனுடன் பொருத்தினார். வளைந்த ஆரங்கள் சிறு மரச்சுத்திகளால் தட்டி நிமிர்த்தப்பட்டன. ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய வடிவை அடைந்தது.

இறுதிக்காலம்

அளவைப் பணியை வடக்கே கொண்டுசென்றபோது, தற்போதைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள இங்கன்காட்டில் காலமானார். பணியைத் தொடர்ந்த சியார்ச் எவரெசுட்டு அதே கருவியையே பயன்படுத்தினார். வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் அளந்து சராசரி காண்பதன் மூலம் எஞ்சிய பிழையை அவர் குறைத்தார்.