விலைக்கு வாங்கிய தலைமை

வீரம் வேறு, தலைமைத்துவம் வேறு என்பதற்குக் கார்டிகன் பிரபுவின் வாழ்க்கை ஒரு சான்றாகும்.

1797ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்வந்தப் பிரபுத்துவக் குடும்பமொன்றில் பிறந்த ஜேம்ஸ் புருடெனல், 27ஆவது வயதிலேயே இராணுவத்தில் இணைந்தார். அதிகாரிப் பதவிகளைப் பணங்கொடுத்து வாங்கக்கூடிய காலம் அது. எனவே, எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைமை அவர் வசமாயிற்று. கீழதிகாரியொருவர் மீது அவர் சுமத்திய குற்றச்சாட்டுக்கள் இராணுவ நீதிமன்றில் பொய்த்துப்போக, 1834இல் அப்பதவி பறிக்கப்பட்டது. எனினும், இரண்டே ஆண்டுகளில் மற்றொரு படைப்பிரிவு அவருக்குக் கிட்டியது. 1840இல் துப்பாக்கிச் சண்டையொன்றில் முன்னாள் அதிகாரி ஒருவரைக் காயப்படுத்தியபோதும், சட்ட நுணுக்கமொன்றைக் காரணங்காட்டிப் பிரபுக்கள் சபை அவரை விடுவித்தது.

கிரிமியப் போரில், 1854 ஒக்டோபர் 25ஆந் திகதி, பலக்லாவாவில் தெளிவற்ற கட்டளையொன்றுக்குப் பணிந்து சுமார் 670 வீரர்களை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி அவர் நடத்திச் சென்றார். மேலதிகாரியான லூக்கன் பிரபு அவரது சகோதரியின் கணவர். இருவருக்குமிடையே நெடுநாட் பகை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னணியில் சென்ற கார்டிகனோ உயிர்தப்பித் திரும்பினார். அன்று அவர் காட்டிய துணிச்சலை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், எஞ்சிய வீரர்களின் கதியை அறியாமலேயே திரும்பினார் என்ற கண்டனம் அவரை இறுதிவரை தொடர்ந்தது.

1868இல் குதிரையிலிருந்து வீழ்ந்து அவர் மரணமானார். பதவிகளை விற்கும் வழக்கம் 1871இல் ஒழிக்கப்பட்டது. தகுதியின்றிப் பெறப்படும் பதவிக்கான விலையைச் செலுத்துபவர்கள் சாதாரண மனிதர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.