ஓமந்தூரார் காட்டிய ஆட்சி நெறி

அந்நியர் ஆட்சியினின்று ஒரு நாடு விடுபடுதல் அரிது. விடுபட்ட நாடு தன்னைத் தானே செவ்வனே ஆளுதல் அதனினும் அரிது. அமெரிக்காவிலே 13 குடியேற்ற நாடுகள் 1776ஆம் ஆண்டில் ஆங்கில அரசினின்று விலகின. எனினும் அவை ஒரு வலிய பொது அரசியற் சட்டத்தை வகுத்தற்கு 1787ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியதாயிற்று. நம் பாரத நாடு 1947 ஆகஸ்டு 15இல் விடுதலை எய்தியது; 1950 ஜனவரி 26இல் நம் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் சென்னை மாகாணத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வாழும் நம் சங்கத்தார்க்கு அப்பெயர் புதிதன்று. சென்னை அண்ணாசாலையை அடுத்த அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளரை அழைத்துச் செல்வோர் அப்பெயரை நாடோறும் சொல்கின்றனர். ஆயினும் அப்பெயர்க்குரியார் யாவர், அவர் செய்தது யாது என வினவினால், பள்ளிச் சிறாரும் விழிக்கின்றனர். அவர்தம் பெற்றோரும் விழிக்கின்றனர். அக்குறையைச் சிறிதேனும் போக்கல் வேண்டுமென்றே இதனை வரைகின்றோம்.

நம் ஊர்களின் நடுவே ஓடும் பெருஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் திண்டிவனத்தை அடையலாம். அதனை அடுத்துள்ள ஓமந்தூரில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளில், உழவுத் தொழிலுடைய குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமை தொட்டே நாட்டுத் தொண்டில் நாட்டங்கொண்டு, காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, தென்னார்க்காடு ஜில்லாவில் காங்கிரசை வளர்த்தார், சிறையும் புகுந்தார். திருவண்ணாமலை இரமண மகரிஷியினிடத்தும், வடலூர் இராமலிங்க அடிகளாரின் சன்மார்க்க நெறியினிடத்தும் அவர் கொண்டிருந்த பக்தி ஆழமானது. ஆதலின் பதவி என்பது அவருக்கு ஒரு பொறுப்பாகத் தோன்றியதேயன்றிப் பேறாகத் தோன்றவில்லை.

1947 மார்ச்சு 23இல், பிரகாசம் அவர்களுக்குப் பின்னர், அவர் மாகாணத்தின் பிரதம மந்திரியானார். இக்காலத்து முதலமைச்சரை அக்காலத்தில் அவ்வாறே வழங்கினர். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திர ஜில்லாக்களும், மலையாளமும், தென்கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன. உலகப் போர் முடிந்தும் உணவுப் பங்கீடு நீங்காத காலம் அது. நான்கு மொழியாளரையும் ஒருங்கே வைத்துப் பசிப்பிணியையும் தாங்கி ஆட்சி நடத்துதல் எளிய செயலன்று என்பதை அன்பர்கள் உணர்வார்களாக.

அவர் ஆட்சிக் காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே மிகுந்தது. அதனுள் நிறைவேறியவை பல. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் திருக்கோயில்களுள் உரிமையோடு புகுந்து வழிபடுதற்குரிய சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நெடுங்காலம் பாடுபட்டார். அம்முயற்சியும் அதே ஆண்டில் சட்டமாகக் கனிந்தது. மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1802ஆம் ஆண்டில் கும்பினியார் ஏற்படுத்திய ஜமீன் முறையை ஒழித்து, உழவர் நேரே சர்க்காருக்கு வரி செலுத்தும் இரயத்துவாரி முறைக்கு நிலங்களை மாற்றும் சட்டமும் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அரசாங்க உத்தியோகங்களைப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை 1947இல் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிற்பட்ட இந்துக்களுக்கென 2 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன.

இச்சட்டங்களை ஒருமுறை மீண்டும் நோக்குமின்! நிலமுடையார், கோயிலில் முதன்மை உடையார், கல்வியில் முந்தினார் ஆகிய இவர்களுக்கு இவற்றால் வந்தது இழப்பேயன்றி ஆதாயமன்று. அவர்களுள் நம்மவரும் பலர் இருந்தனர். அவர் நம் குலத்திற் பிறந்தவர் என்று பெருமை பேசும் நாம், அவர் நமக்கென்று தனியே ஒன்றும் செய்திலர் என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். அவர் பெருமை அதிலேதான் உள்ளது.

இவ்விடத்தில் எம் குற்றம் ஒன்றைக் கூறுதல் கடன். பல்லாண்டுகட்கு முன் யாம் தொலைவிலுள்ள ஒரு பள்ளியிற் பணியாற்றியபோது, தாம்பரத்துக்கு மாற்றம் வேண்டி, நம்மவர் ஒருவர் உயர்பதவியில் இருக்கின்றார் என்பதையே துணையாகக் கொண்டு அவர் வாயிலில் நின்றோம். அவர் எம்மை அன்புடன் உபசரித்து உணவும் அளித்தார். ஆனால் முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருக்குமாறு சொல்லி விடை கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அவரை மனத்துள் வைதோம். எம்மினும் மூத்த ஆசிரியர் மூவர் அவ்விடத்துக்காகக் காத்திருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்து நாணினோம். ஓமந்தூராரைப் போற்றுவோர், அவர் நெறியில் ஒழுகுவாரை வைதல் தகுமோ?

கட்சியினுள் எழுந்த வேற்றுமையால் 1949 ஏப்ரல் 6இல் அவர் பதவியினின்று நீங்கினார், பூ. ச. குமாரசாமி இராஜா அவர்கள் அவ்விடத்துக்கு வந்தார். அமெரிக்காவின் முதல் தலைவராகிய வாஷிங்டன் 1797இல் பதவி நீங்கித் தம் பண்ணைக்கு மீண்டதை உலகம் வியந்து பேசுகின்றது. நம் உழவர் பெருமகனாரோ வடலூருக்குச் சென்றார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற சிறார்க்கு உணவும் கல்வியும் அளிப்பதிலே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1970 ஆகஸ்டு 25இல் உலக வாழ்வை நீத்தார்.

விடுதலை பெற்ற நாட்டிலே ஆட்சி என்பது யாருக்கு உரியது என்ற வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. பதவியில் இருப்பவர் நம்மவராயின் நமக்கு நலம் செய்தல் வேண்டும் என்று நம் கூட்டங்களிலேயே பேசக் கேட்கின்றோம். அவ்வாறே ஒவ்வொரு குலத்தாரும் எண்ணினால், நாடு என்ற ஒன்று எங்கே நிற்கும்? சங்கம் வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கவும், திருமணச் செலவைக் குறைக்கவும், மூத்தோரைப் பேணவும் அது வேண்டும். பிறர்க்குரிய பங்கைப் பறித்துக்கொள்ள அது வேண்டா. அடுத்த முறை அரசினர் தோட்டத்தின் வழியே செல்லும் அன்பர்கள் தம் மக்களுக்கு அப்பெயரைச் சுட்டிக்காட்டி, இவ்வரலாற்றைச் சொல்வார்களாக.