உடைந்ததை ஒளிக்காத மனிதர்

படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை நான் கெடுத்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டினேன். அது சற்றுக் கோணலாக உட்கார்ந்துவிட்டது. பிளக்கை முதலில் விரலால் சுழற்ற வேண்டும். மரை சரியாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. ஸ்பேனரை மாட்டி ஒரே முறுக்காக முறுக்கினேன். என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். பிளக்கின் மரையோ எஃகு. இரண்டும் மோதினால் அலுமினியம்தான் தோற்கும். உள்ளே இருந்த மரை உதிர்ந்து, வெள்ளித் தூளாக என் விரலில் ஒட்டியது.

அப்பாவிடம் சொல்லவில்லை. பிளக்கை எப்படியோ அதே இடத்தில் நிற்கவைத்து, சுற்றிலும் கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் பிளக் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்பா வெயிலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார். அன்று அவருக்கு அரை நாள் சம்பளம் போனது. கிரீஸைப் பார்த்ததுமே யார் வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. அந்தப் பிளக்கைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஏன் இப்படி ஆனது என்று நான் விளக்கிச் சொல்லும் வரை அது அங்கேதான் இருக்கும் என்றார்.

அந்த வயதில் அதை ஒரு தண்டனையாகவே நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்தைச் சேர்ந்த பர்ட் மன்றோவின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அப்பா செய்ததன் பொருள் புரிந்தது. மாணவர்களே, அவருடைய கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பண்ணையில் பிறந்த வேகப்பித்து

நியூசிலாந்தின் தென்கோடி நகரம் இன்வர்கார்கில். 1899 மார்ச் 25-ஆம் தேதி அங்கே பிறந்தவர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ. அவரை உலகம் பர்ட் மன்றோ என்று அறியும். இரட்டையராகப் பிறந்தவர் அவர். உடன் வந்த சகோதரி பிறப்பிலேயே இறந்துபோனார். இவரும் அதிக நாள் தங்கமாட்டார் என்றே மருத்துவர்கள் கருதினர். அவர் 78 வயது வரை வாழ்ந்தார்.

இன்வர்கார்கிலுக்கு அருகே ஈடன்டேல் பகுதியில் அவர்களுக்குப் பண்ணை இருந்தது. பண்ணை வேலை அவருக்குச் சலிப்பூட்டியது; வேகம் பிடித்திருந்தது. சிறுவனாக இருந்தபோது பண்ணையிலேயே வேகமான குதிரையைத்தான் தேடி ஏறுவாராம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, மலையைக் குடைந்து ரயில் பாதை அமைக்கும் ஒட்டீரா சுரங்கப் பணியில் சிறிது காலம் வேலை செய்தார்.

1920-இல், தமது 21-ஆவது வயதில், புத்தம் புதிய ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்ததும் நம் நாட்டுப் பிள்ளைகள் பலரும் இது இந்தியாவில் செய்தது என்று நினைப்பார்கள். அப்படியில்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த இந்தியன் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு அது. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறித்த பெயரைத்தான் அந்த நிறுவனம் வைத்துக்கொண்டது.

வண்டியின் கொள்ளளவு சுமார் 600 சிசி. இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல விரிந்து நிற்கும். அதன் உச்ச வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர். இன்று நம் சாலையில் ஓடும் கப்சாய்கூட ஏறக்குறைய அந்த வேகத்தைத் தொட்டுவிடும். மன்றோ வாழ்நாள் முழுவதும் அந்த வண்டியை விட்டு விலகவில்லை.

கொட்டகையே பல்கலைக்கழகம்

1926-இல் வண்டியை மாற்றியமைக்கத் தொடங்கினார். பகலில் பிழைப்பு, இரவில் பட்டறை. 1930-களின் பொருளாதார மந்தம் வந்தபோது பண்ணைக்குத் திரும்பினார். பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் மெக்கானிக்காகவும் வேலை தேடிக்கொண்டார். பொறியியல் படிக்க அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. கையில் பணமும் இல்லை. ஆகவே தேவையான பாகங்களையும், அவற்றைச் செய்வதற்கான கருவிகளில் பலவற்றையும் தாமே செய்துகொண்டார்.

பிஸ்டன் வேண்டுமா? பழைய உலோகத்தை உருக்குவார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து அதில் ஊற்றுவார். ஆறியதும் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை எஃகிலிருந்து அரத்தால் அராவி அராவியே உருவாக்குவார். நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டருக்குப் பதில், பழைய சக்கரத்தின் ஸ்போக் கம்பி ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கவுட்டின் என்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சுற்றி வளைந்துதான் உள்ளே போக வேண்டும். மன்றோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுபோனார். கலவை நேராக இறங்கியது. என்ஜின் தாராளமாக மூச்சு விட்டது. பெரிய தொழிற்சாலையில் வடிவமைப்பாளர்கள் கூடிச் செய்யும் வேலை இது. அவர் தனி ஆளாகத் தம் கொட்டகையில் செய்தார்.

இவையெல்லாம் முதல் முறையே சரியாக வந்துவிடவில்லை. பிஸ்டன்கள் உருகின. ராடுகள் முறிந்தன. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பாகம் கடற்கரைப் பந்தயத்தில் ஒரே ஓட்டத்தில் நொறுங்கும். இன்வர்கார்கிலை ஒட்டியுள்ள ஒரேட்டி கடற்கரைதான் அவருடைய சோதனைக் களம். அங்கே உடைத்துக்கொண்டு வருவார், கொட்டகையில் உட்கார்ந்து ஆராய்வார், மறுபடி செய்வார்.

உடைந்த பாகங்களை அவர் தூக்கி எறியவில்லை என்பதுதான் என்னைத் தொட்ட செய்தி. கொட்டகையில் அவற்றுக்கென்று ஓர் அலமாரி வைத்திருந்தார். கருகிய பிஸ்டன்களும் முறிந்த ராடுகளும் அதில் வரிசையாக இருந்தன. வேக தெய்வத்துக்குத் தாம் செலுத்திய காணிக்கை இது என்ற பொருளில் அந்த அலமாரியில் எழுதியும் வைத்திருந்தார். அது பார்வைக்கு வேடிக்கை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும்போது, முன்பு எங்கே தவறினோம் என்பது அவர் கண் முன்னே இருந்தது. எந்த இடத்தில் விரிசல் தொடங்கியது, எந்தப் பக்கம் உலோகம் உருகியது என்பதை உடைந்த பாகமே சொல்லிவிடும். அதைக் குப்பையில் போட்டால் அந்தப் பாடமும் குப்பைக்குப் போய்விடும்.

கொடுத்த விலை

அவர் வாழ்க்கையை வெறும் வெற்றிக் கதையாகச் சொன்னால் அது முழு உண்மையாகாது. அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். 1940-களின் பிற்பகுதியில் திருமணம் முறிந்தது. வேலையையும் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் வைக்கும் கொட்டகையிலேயே வாழத் தொடங்கினார். அந்த இரவுகளுக்கெல்லாம் குடும்பமும் ஒரு விலை கொடுத்தது. அவரிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டும் என்பதில்லை.

இதற்கிடையே 1953-இல் அந்த அமெரிக்க நிறுவனமே ஸ்பிரிங்ஃபீல்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மன்றோ கவலைப்படவில்லை. அவர் வண்டியில் இருந்த முக்கியப் பாகங்கள் பல அந்த நிறுவனம் செய்தவை அல்லவே!

உப்புவெளியில் ஒரு முதியவர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் என்ற உப்புவெளி இருக்கிறது. ஏரி வற்றி, உப்பு இறுகி, பளிங்குத் தரை போலக் கிடக்கும் பரப்பு. உலகின் வேகச் சாதனையாளர்கள் கூடும் இடம் அது. மன்றோ மொத்தம் பத்து முறை அங்கே போனார். முதல் முறை பார்வையாளர் மட்டுமே. மற்ற ஒன்பது முறையும் ஓட்டினார்.

அவரைப் பற்றி 2005-இல் வெளிவந்த திரைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அந்தோனி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்திருப்பார். படத்தில் எல்லாம் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். உண்மையில் அது பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்வந்த கதை.

1962-இல், தமது 63-ஆவது வயதில், 883 சிசி பிரிவில் மணிக்கு சுமார் 288 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி முதல் உலகச் சாதனையைப் படைத்தார். 1966-இல் 1000 சிசி பிரிவில் இன்னொரு சாதனை.

இங்கே கொஞ்சம் அறிவியல். வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். 89-இலிருந்து 296-க்குப் போவது மூன்று மடங்குக்கும் மேல். தேவைப்படும் திறனோ ஏறக்குறைய 37 மடங்கு! என்ஜினை மட்டும் நம்பினால் இது நடக்காது. காற்று வழுக்கிச் செல்ல வேண்டும். அதனால்தான் மன்றோ தம் வண்டிக்கு மீன் உடல் போன்ற நீண்ட கூடு ஒன்றைச் செய்து, அதற்குள் படுத்தபடி ஓட்டினார்.

1967. வண்டிக்கு 47 வயது, அவருக்கு 68. என்ஜின் இப்போது 950 சிசியாக வளர்ந்திருந்தது. அந்த ஆண்டு உப்புவெளியில் வேகமெடுத்தபோது வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனது, கண் தெரியவில்லை. எல்லைக் கம்பம் ஒன்றை மயிரிழையில் தப்பி, வண்டியைச் சாய்த்துக் கீழே விழுந்தார். சிராய்ப்புகளோடு எழுந்தார்.

அதே 1967-இல்தான் அவருடைய மிகப் பெரிய சாதனையும் நிகழ்ந்தது. சாதனை கணக்கில் சேர வேண்டுமானால் இரு திசையிலும் ஓட்டி, சராசரி எடுக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளும் அனுகூலம் யாருக்கும் கிடைக்கக்கூடாது என்பதற்கான விதி அது. 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் அவருடைய சராசரி மணிக்கு 295.45 கிலோமீட்டர் என்று பதிவானது. தகுதிச் சுற்றில் ஒரு திசையில் 305.89 கிலோமீட்டர் வரை போனார்.

பல ஆண்டுகள் கழித்து, அந்தச் சராசரிக் கணக்கில் பிழை இருப்பதை மன்றோவின் மகன் கண்டுபிடித்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014-இல் அதைத் திருத்தி, 296.26 கிலோமீட்டர் என்று அறிவித்தது. மன்றோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சாதனை கொஞ்சம் கூடியது.

1977-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகள் முன்போல் சொன்னபடி கேட்கவில்லை. வண்டிகள் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று எண்ணி, உள்ளூர் வணிகர் ஒருவரிடம் அவற்றை விற்றார். 1978 ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். இன்வர்கார்கிலில் உள்ள ஹேய்ஸ் இரும்புச் சாமான் கடையில் அவருடைய வண்டி இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஆணியும் சுத்தியலும் வாங்க வருபவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். அவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஜன்னல் விளிம்பில் ஒரு பிளக்

தம்பி, தங்கைகளே, இந்தக் கதையைப் படித்துவிட்டு இரவில் சாலையில் இறங்கி வேகத்தைச் சோதிக்காதீர்கள். மன்றோ உலகச் சாதனை படைத்தது பந்தயத்துக்கென்றே விடப்பட்ட உப்புவெளியில். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அலமாரியை.

அன்று நான் கிரீஸைத் தடவி மறைத்தது ஒரு பிளக்கை மட்டுமல்ல. பிளக்கைப் பற்றி நான் கற்றிருக்க வேண்டியதையும் சேர்த்து மறைத்தேன். அதற்கான விலையை அப்பா வெயிலில் நடந்து கொடுத்தார். அந்தப் பிளக் இரண்டு வாரம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஒருநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மரை எப்படிக் கோணலாக ஏறியது, ஏன் அலுமினியம் உதிர்ந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். புதிய மரை போடும் வேலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சிறு தட்டை ஒதுக்குங்கள். வேலை செய்யும்போது உடைந்ததை அதில் வையுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய கணிதத் தாளையும் அங்கே வைக்கலாம். காலியாக விட்ட இடத்தை நிரப்பிய பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

என் தட்டில் முதலில் இருப்பது அந்தப் பிளக். அப்பா இப்போது இல்லை. பிளக்கை மாட்டும்போதெல்லாம் இன்றும் முதல் மூன்று சுற்றை விரலால்தான் சுழற்றுகிறேன்.