மறைத்த பெயரைத் தாமே சொன்னவர்: இரட்டைமலை சீனிவாசனார்

மதுராந்தகத்துப் பெரிய ஏரியை அறியாதார் செங்கல்பட்டுச் சீமையில் இல்லை. அந்த ஏரி நிரம்பினால் சுற்றுவட்டாரமெல்லாம் நெல் விளையும். ஆனால் அந்த நெல்லை நட்டு, களையெடுத்து, அறுத்து, களத்தில் அடித்துக் கொடுத்த கைகளுக்கு, ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொள்ள உரிமை இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. குடியிருந்த மண்கூட அவர்களுடையதாக இல்லை. மிராசுதாரின் மனம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். படியாளின் பிள்ளை படியாளாகவே வளர்ந்தான். இதுதான் தலைவிதி என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். கீழே கிடந்தவர்களிலும் பலர் அப்படியே நம்பிவிட்டார்கள்.

அந்தச் சீமையில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். இரட்டைமலை என்பது ஏதோ மலையின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவருடைய தந்தையாரின் பெயர்.

குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்தது. பிள்ளை கோயம்புத்தூரில் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய நானூறு மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். சாதி ஆசாரம் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட நேரம் அது. அந்தப் பையனுக்குப் பாடம் கடினமாக இல்லை, பழக்கம்தான் கடினமாக இருந்தது. யாராவது சிநேகமாக வந்து பேசினால் அடுத்த கேள்வி எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்பதாகத்தான் இருக்கும். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் பள்ளிக்கு வெளியே எங்காவது ஓரிடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். மணி அடித்தபிறகே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்காதபடி விறுவிறுவென்று நடந்து வீடு சேர்ந்துவிடுவார். கூடி விளையாடவும் துணை இல்லாமல், விளையாட்டுக்கு ஏங்கிய பருவம் முழுவதும் இப்படியே கழிந்தது.

இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் ஏதும் இல்லை. கலியின் கொடுமையைச் செய்தவர்கள் வேறு யாரோ. ஆனாலும் ஒளிந்து நடந்த கால்கள் அவருடையவை. பிற்காலத்தில் அவர் செய்த காரியம் ஒவ்வொன்றையும் இந்தப் பள்ளிக்கூட நாட்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

படித்து முடித்தபின் நீலகிரிக்குச் சென்று, ஐரோப்பிய வியாபார நிறுவனத்தில் கணக்கர் ஆனார். சுமார் பத்தாண்டுகள் அங்கே கழிந்தன. 1887-இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். சம்பளம் வந்தது, குடும்பம் அமைந்தது. ஊட்டிக் குளிரில் துரைமாரிடம் நல்ல பெயரோடு காலம் தள்ளியிருக்கலாம். அப்படித் தள்ளியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். தப்பித்துக்கொண்ட ஒரு மனிதனிடம், நீ ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. அந்தக் கேள்வியைச் சீனிவாசனார் தம்மிடம் தாமே கேட்டுக்கொண்டார். 1890-இல் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்தார்.

வந்தவர் 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் மராட்டியக் குடும்பம் ஒன்றில் அம்பேத்கர் என்னும் குழந்தை பிறந்தது. நாற்பது ஆண்டு கழித்து இருவரும் ஒரே மேசையில் அமரப்போவது அப்போது யாருக்குத் தெரியும்!

அக்காலத்தில் வெளியிலிருந்தும் சில நல்ல கைகள் நீண்டன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்னும் வெள்ளைக்காரர், அந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டை நேரில் கண்டு 1891-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் வழங்க உத்தரவு பிறந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-இல் இலவசப் பள்ளி திறந்தார். பாதிரிமாரும் பள்ளிகள் நடத்தினார்கள். இவை எல்லாம் நன்மையே. ஆனால் கலெக்டர் மாறிப் போவார், துரை கப்பல் ஏறிவிடுவார். நம் குறையை நாமே நம் வாயால் சொல்லாதவரையில், கிடைப்பதெல்லாம் பிச்சையாகவே இருக்கும் என்று சீனிவாசனார் கருதினார்.

அதற்கு ஒரு பத்திரிகை வேண்டும். 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில், சிறிய மாதப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டார். அச்சுக்கும் விளம்பரத்துக்கும் முதலில் ஆன செலவு பத்து ரூபாய். அந்தப் பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பள்ளிக்கு வெளியே ஒதுங்கி உட்கார்ந்திருந்தாரோ, அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டுச் சென்னைப் பட்டணத்துச் சுவர்களில் ஒட்டச் செய்தார். ஏறக்குறைய நானூறு பிரதிகள் இரண்டு நாளில் விற்றன. சில மாதங்களில் அது வாரப் பத்திரிகையாயிற்று. பிறகு சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது.

தன்னை இன்னான் என்று ஒத்துக்கொள்ளாதவன் தன் உரிமையைக் கேட்கமுடியாது என்பது அவருடைய துணிபு. இது அவருடைய வழி. இதைவிட வேறு வழி இல்லை என்று சொல்லிவிடமுடியாது. அவருடைய தமக்கை தங்கை உறவில் வந்த மைத்துனர், மகா பண்டிதர் அயோத்திதாசர், அந்தப் பெயரையே ஏற்க மறுத்தவர். அது பிறர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்று சொல்லி, 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் அந்தப் பெயரைத் தலையில் கிரீடமாக வைத்தார், மற்றவர் அதைக் கழற்றி எறிந்தார். இருவருமே அடுத்தவர் சொற்படி நடக்கவில்லை. தாமே ஆராய்ந்து தாமே தீர்மானித்தார்கள், அதனால் வந்ததையும் தாமே ஏற்றார்கள்.

ஏற்கவேண்டியவை வந்தன. காங்கிரசார் அப்போது, சிவில் சர்வீஸ் பரீட்சையை இலண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கையாகத்தான் தோன்றும். சீனிவாசனார் அதை எதிர்த்தார். இங்கே பரீட்சை நடந்தால், பள்ளியின் வாசலை மிதிக்கமுடிந்தவர்களே தேறுவார்கள், ஏற்கனவே ஊரில் அதிகாரம் செய்பவர்களே சர்க்காரிலும் அதிகாரம் செய்வார்கள் என்பது அவர் கணக்கு. 1893 டிசம்பரில் கூட்டம் கூட்டி, 3,412 பேரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். தேசாபிமானிகள் பலருக்கு அது கசந்தது. அவர் கணக்குச் சரியா பிழையா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் கோயம்புத்தூரில் நானூறு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் கணக்கைப் போட உரிமை இருந்தது.

1896-இல் இன்னொரு சோதனை. ‘பறையன்’ இதழில் வெளிவந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டார்கள். பத்திராதிபர் என்ற முறையில் அவர் நீதிமன்றம் ஏறினார். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு அது சிறு தொகை அல்ல. பத்திரிகை நிற்கவில்லை.

1900-இல் அவர் எடுத்த முடிவு பலருக்கு இன்றும் புரியாதது. தம் மக்களின் குறையை இலண்டனுக்கே போய் எடுத்துச் சொல்லவேண்டும் என்று கப்பல் ஏறினார். பயணம் இலண்டன் வரை போகவில்லை. ஆப்பிரிக்கக் கரையிலே சான்சிபாரில் தங்கவேண்டியதாயிற்று. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். கரும்புத் தோட்டத்துக் கூலித் தமிழர்கள் நீதிமன்றத்தில் வந்து நின்றபோது அவர்கள் சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன வாய் அவருடையது. அங்கே காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. காந்தியடிகள் தமிழில் கையெழுத்திடக் கற்றது சீனிவாசனாரிடம். ஆனால் இங்கே, ஆசிரியர் இல்லாத பத்திரிகை நின்றுபோயிற்று. இருபது ஆண்டுகள்! போன காரியமும் நடக்கவில்லை, விட்டுவந்த காரியமும் நிலைக்கவில்லை. ஒரு மனிதன் சோர்ந்துபோக இது போதும்.

1920-இல் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1923-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 1924-இல், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள எந்தப் பொதுப் பாதையிலும் தெருவிலும் எந்த மனிதரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், பொது இடம் எதையும் மற்றவர்களைப் போலவே எல்லாரும் பயன்படுத்தலாம். இதுதான் தீர்மானம். சபை ஏற்றது, அரசாங்கமும் உத்தரவிட்டது.

இன்று வாசிக்கும்போது, இதற்கு ஒரு சட்டமா என்று தோன்றும். சுவாமிதோப்புப் பதியின் முத்திரிக்கிணற்றில் நீராடி, தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு நிற்கும் அன்புக்கொடி மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் அள்ளவேண்டும் என்று அய்யா தென்கோடியில் செய்து காட்டியதற்கும், மதுராந்தகத்துப் பிள்ளை அதைச் சட்டமாகக் கேட்டதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. உத்தரவு வந்த மறுநாளே எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லை என்பதும் உண்மை. கயிறும் குடமும் எடுத்துக்கொண்டு முதல் அடி வைக்கவேண்டிய பொறுப்பு, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவர் மேல் விழுந்தது. மதுவினால் வரும் கேட்டையும் அவர் சட்டசபையில் எடுத்துப் பேசினார். பிறர் செய்யும் கொடுமையை எதிர்த்த அதே குரல், நாமே நமக்குச் செய்துகொள்ளும் கொடுமையையும் விட்டுவைக்கவில்லை.

1930-இல் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகச் சென்றவர்கள் இருவர்: டாக்டர் அம்பேத்கர், வயது 39, சீனிவாசனார், வயது 71. முப்பது ஆண்டுகளுக்குமுன் புறப்பட்ட இலண்டன் பயணம் அப்போதுதான் முடிந்தது. தம் மக்களுக்கு அரசியலில் என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டபோது, எங்களில் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேல்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று அவர் விளக்கியதாகவும், மன்னர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டதாகவும் தம் சரிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதன்பின் வந்ததுதான் வாழ்நாளின் கடினமான தேர்வு. 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வழங்கி அரசாங்கம் அறிவித்தது. இருவரும் கேட்டது கிடைத்துவிட்டது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஒருபக்கம் கையில் வந்த உரிமை. மறுபக்கம், தமிழில் கையெழுத்துப் போடத் தாம் கற்றுக்கொடுத்த மனிதரின் உயிர். அந்த உயிர் போனால் கிராமங்களில் ஏழைச் சேரிகளுக்கு என்ன நேரும் என்ற அச்சம் வேறு. செப்டம்பர் 24 அன்று பூனாவில் ஒப்பந்தம் ஆயிற்று. தனித் தொகுதி போயிற்று. 71 என்று இருந்த இடங்கள், பொதுத் தொகுதியில் ஒதுக்கீடாக 148 ஆயின. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனாரும் ஒருவர். இழந்தது பெரிதா பெற்றது பெரிதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர் என்று சர்க்கார் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை இருக்கட்டும். 1939-இல், எண்பது வயதில், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். கோயம்புத்தூரில் பள்ளிக்கு வெளியே ஒதுங்கியிருந்ததையும், மாலையில் ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்ததையும் அதில் அவரே எழுதினார். அதை நேரில் கண்டவர்கள் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இருந்திருக்க வழியில்லை. திவான்பகதூர் சொல்லாமல் விட்டிருந்தால் உலகம் அறிந்திருக்காது.

1945 செப்டம்பர் 18 அன்று, தமது 86-ஆம் வயதில், சென்னையில் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.