ஒட்டகத்தின் சுமைக்கும் கணக்குக் கேட்ட கலீஃபா

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் திருச்சி கே.கே. நகர், காஜாமலைப் பக்கம் வீட்டு வாசல்களில் ஆடுகள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சமயபுரம் போன்ற சந்தைகளில் விலை பேசி வாங்கி, சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டு வருகிறோம். வயது, பல், ஊனம் எல்லாம் பார்க்கிறோம். அந்த ஆடு எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? இதை வெளியார் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. நம்மில் ஒருவரே கேட்டால், இதைப் பேச இதுவா நேரம் என்கிறோம். அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோதும் இத்தகைய கேள்விகளைத் தாமே தேடிப் போய்க் கேட்ட ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) உமய்யா அரச குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான் சுமார் 20 ஆண்டுகள் எகிப்தின் ஆளுநராக இருந்தார். தாயார் உம்மு ஆஸிம், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பேத்தி. இராக்கின் பாதை செப்பனிடப்படாமல் ஒரு விலங்கு இடறி விழுந்தாலும் அதைப் பற்றி இறைவன் தம்மிடம் கேட்பானே என்று அஞ்சியவர் அந்த உமர் (ரலி). கொள்ளுப்பேரனின் வாழ்விலும் அந்த அச்சம் தொடர்ந்தது.

சிறுவனாக இருந்தபோது தந்தையின் லாயத்தில் குதிரை ஒன்று அவரை உதைத்து, நெற்றியில் காயம் பட்டது. அந்தத் தழும்பு கடைசிவரை மறையவில்லை. உமய்யாக்களில் நெற்றித் தழும்புள்ளவர் என்றே வரலாற்றில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

ஹிஜ்ரி 87இல், அதாவது கி.பி. 706இல், மதீனாவின் ஆளுநரானார். அப்போது வயது 25 அளவில்தான் இருக்கும். வந்தவுடன் ஊரின் மார்க்க அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்தார். உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மத், ஸாலிம் பின் அப்துல்லாஹ் ஆகியோர் அவர்களில் சிலர். அவர்களின் ஆலோசனை இல்லாமல் எதையும் முடிவு செய்யப் போவதில்லை என்றார். தம் அதிகாரிகளில் எவராவது அநீதி செய்வதாகத் தெரிந்தால் தம்மிடம் வந்து சொல்லியே ஆகவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். குறை சொல்பவரை எதிரியாகப் பார்க்காமல், குறை சொல்வதையே ஒரு பொறுப்பாக ஒப்படைத்த ஆளுநர் அவர்.

அந்நாட்களில் அவர் விலையுயர்ந்த ஆடைகளையும் நறுமணத்தையும் விரும்பியவர்தான். ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபா பொறுப்பு வந்தபோது நிலைமை மாறியது. கலீஃபாவுக்கென்று அலங்கரித்துக் கொண்டுவரப்பட்ட குதிரைகளை மறுத்துவிட்டு, தம் சொந்தக் கோவேறு கழுதையிலேயே ஏறினார். அரச வாகனங்களை விற்று அந்தப் பணத்தைப் பைத்துல்மாலில் சேர்க்கச் செய்தார். மனைவி ஃபாத்திமாவின் நகையும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

அவருடைய பணியாளர் ஒருவர் கோவேறு கழுதையை வாடகைக்கு ஓட்டி நாளொன்றுக்கு ஒரு திர்ஹம் கொண்டுவருவது வழக்கம். ஒருநாள் ஒன்றரை திர்ஹம் வந்தது. சந்தை நன்றாக இருந்தது என்றார் பணியாளர். உமர் (ரஹ்) அதை ஏற்கவில்லை. விலங்கைக் கூடுதலாக வேலை வாங்கியதால் வந்த பணம் அது என்று சொல்லி, மூன்று நாட்கள் அதற்கு ஓய்வு தரச் சொன்னார். வருமானம் கூடியதும் மகிழாமல், அது எதிலிருந்து வந்தது என்று பார்த்தார்.

வீட்டில் செய்ததையே ஆட்சியிலும் செய்தார். எகிப்தில் ஒட்டகங்கள் மீது ஆயிரம் ரத்தல் வரை ஏற்றுகிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியது. 600 ரத்தலுக்கு மேல் எந்த ஒட்டகமும் சுமக்கக் கூடாது என்று அங்கிருந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அஞ்சல் பணிக்கான விலங்குகளுக்குக் கனமான கடிவாளம் பூட்டுவதையும், நுனியில் இரும்பு வைத்த தார்க்குச்சியால் குத்துவதையும் தடை செய்தார்.

ரத்தலின் எடை ஊருக்கு ஊர் வேறுபடும். சுமார் 400 கிராம் என்று கொண்டால் 600 ரத்தல் ஏறத்தாழ 240 கிலோ. நம் நாட்டில் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1965இல் வந்த விதிகள் ஓர் ஒட்டகத்தின் முதுகில் ஏற்றக்கூடிய சுமையை 250 கிலோ என்று வரையறுத்தன. 1,200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் ஏறக்குறைய அதே அளவை ஆணையாக்கியிருந்தார்.

இரண்டரை ஆண்டுக்குள் அவரது ஆட்சி முடிந்தது. ஹிஜ்ரி 101, ரஜப் மாதத்தில் (கி.பி. 720) சிரியாவின் தைர் ஸிம்ஆனில் மறைந்தார். நாற்பதை ஒட்டிய வயதுதான்.

இந்த வரலாற்றைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. விலங்குரிமை பேசுவோருக்குப் பதில் சொல்ல இதை நாம் எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆனால் எகிப்துக்கு எழுதிய கடிதம் பிறருக்குச் சொன்ன பதில் அல்ல. தம் மக்கள் செய்த தவறு தெரிந்ததும், அதை மறைக்காமல் திருத்த எழுதியது.

எனவே பெருநாளுக்கு முன்பே நம் மஹல்லா ஜமாஅத்துகளில் இதைப் பேசலாம். ஒரு வண்டியில் எத்தனை ஆடுகளை ஏற்றினோம்? வழியில் தண்ணீர் காட்டினோமா? வெயிலில் கட்டிப்போட்டோமா? கத்தியைத் தீட்டி வைத்தோமா? ஒன்றின் கண்முன் இன்னொன்றை அறுக்காமல் இருக்க இடம் ஒதுக்கினோமா? கழிவு எங்கே போகிறது? இவற்றைக் கேட்க எழுந்து நிற்பவரை உட்காரச் சொல்லாமல், மதீனாவில் அந்தப் பத்துப் பேருக்குக் கிடைத்த இடத்தை அவருக்கும் கொடுக்கலாம். அறுப்பு ஹலாலாக இருந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அதற்கு முந்தைய நாட்களுக்கும் அல்லாஹ்விடம் கணக்கு உண்டு.